ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்து நான் அழவில்லை, மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களின் சமுகத்திற்கு,

உங்கள் மாமனார் இரண்டு கையையும் கூப்பிச் சொல்ல, எதிர்வீட்டு டீச்சரம்மா ஒரு கையால் எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் அதற்குத் தோன்றுகிற நாளில் நலம். அங்கே நீங்களும், உங்களுக்கு மனைவியாகவும் எனக்கு மகளாகவும் இருந்து இரண்டு பேரையும் மேய்க்கிறவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று போனில் அவள் என்னைத் திட்டிய தெம்பைப் பார்த்தால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தெரிகிறது.

போனில்தான் எல்லாம் பேசியாகிவிட்டதே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் அவள் அழுகிறாள், அவள் அழுதால் நீங்கள் வாங்கிப் பேசுகிறீர்கள், நீங்கள் பேசினால் மாப்பிள்ளை ஆயிற்றே என்று நான் மரியாதைக்குச் சரி சரி என்கிறேன். அப்படி மரியாதைக்குச் சொன்ன சரிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து என்னை உங்கள் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதாகவும், இந்த வீட்டைப் பூட்டிவிடுவதாகவும், என் ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவதாகவும் முடிவு கட்டிவிட்டீர்கள். எல்லாம் யாரோ போனில் எடுத்து அனுப்பின அந்த வீடியோ செய்த வேலை. வயசான காலத்தில் அப்பா ஊர் பார்க்க மேடையேறி ஒரு ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்தார், அதனிடம் ரகசியம் பேசினார், அழுதார், கடைசியில் வலிப்பு வந்த மாதிரி உதறினார், அவருக்குப் புத்தி பிசகிவிட்டது, இனி தனியாக விடக்கூடாது என்கிறாள் மகள். மாப்பிள்ளை, கண்ணால் கண்டதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள். நடந்ததை முழுசாகக் கேளுங்கள், அப்புறம் காரைக் கிளப்புங்கள்.

முதலில் புத்தி விஷயத்தை முடித்துவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஒரே தடவை, அங்கே இருந்த பெஞ்சுகளை வேறு கட்டடத்துக்கு மாற்றுவதற்கு. எழுத்து ஏறாத தலை, அதனால் உள்ளே இடம் தாராளம். பார்த்தது கேட்டது எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கியே காலத்தை ஓட்டினவன் நான். எந்த வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பும், எந்த வீட்டுக் கட்டில் எந்த வாசலில் இடிக்கும் என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்கள் வீட்டு பீரோவுக்கு இடது பக்கத்துப் பின்கால் ஆடும். நீங்கள் குடி போன அன்று அதற்கு முட்டுக்கொடுக்க உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்து மடித்து வைத்தீர்கள். நான் அதைப் படம் உள்ளே போகிற மாதிரித் திருப்பி மடித்து வைத்தேன். மகளுக்குப் படித்துக்காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுங்கள். அதே நாளில் கட்டிலின் ஒரு முனையை நீங்கள் பிடித்தீர்கள், படித் திருப்பத்தில் போன் அடித்தது, "ஒரு நிமிஷம் மாமா" என்று விட்டுவிட்டீர்கள், கட்டில் என் காலில் இறங்கியது. இதை நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, இப்போதும் சொல்லிக்காட்டவில்லை. புத்தி பிசகின ஆளுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று மட்டும் கேட்கிறேன்.

இனி அந்த வீடியோவில் வாத்தியம் வாசிக்கிற நாலு பேர். இவர்கள் முதன்முதலில் என் வீட்டுக்கு வந்தது போக்கிடம் இல்லாமல். டீச்சரம்மா வயலின். அவர் வீட்டில் வயலின் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே வீட்டுக்காரர் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார், வெளியே கொட்டுகிற மழையாக இருந்தாலும். (இதை எழுத மாட்டேன் என்கிறார். எழுதுங்கள் அம்மா, மாப்பிள்ளைக்கு நாம் எதையும் மறைக்கவேண்டாம்.) வண்டி மெக்கானிக்குக் கிடார். அவன் பட்டறையில் சுத்தியல் ஓயாது. பல் டாக்டர் வாசிப்பது மாண்டலின். பிடுங்கிப் பழகின கை, சும்மா சொல்லக்கூடாது, கம்பியை நன்றாகவே பிடுங்குகிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் வைத்து வாசித்தால் வெளியே காத்திருக்கிறவர்கள் உள்ளே என்னவோ நடக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து போய்விடுகிறார்களாம். நாலாவது ஆள் தையல்காரன், ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டுவான். யாருக்குத் தைத்தாலும் அரை இஞ்ச் விட்டுத்தான் தைப்பான், தாளத்தையும் அரை இஞ்ச் விட்டுத்தான் தட்டுவான், அதனால் அவன் பெயரே அரை இஞ்ச். அவன் கடையில் துணி அடுக்கியிருக்கிறது, துணி சத்தத்தைக் குடித்துவிடும். என் கூடத்தில் ஒன்றும் கிடையாது. ஊரார் சோபாவை எல்லாம் முதுகில் சுமந்தவனுக்கு சோபாவைக் கண்டாலே முதுகு வலிக்கிறது, நான் வாங்கவில்லை. ஒரு வீட்டைக் காலி செய்யும்போது கடைசிச் சாமானைத் தூக்கினதும் நம் குரல் நமக்கே திரும்பி வரும் பாருங்கள், என் கூடம் எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் டீச்சரம்மா ஏதோ கேட்க வந்தவர் வாசலில் நின்று பேசினார், பேச்சை நிறுத்திவிட்டு "ஆ" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், மறுநாள் சாயங்காலம் நாலு பேரும் வாத்தியத்தோடு வந்து நின்றார்கள்.

வந்தவர்கள் வாசித்தார்களா என்றால் இல்லை, சண்டை போட்டார்கள். வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கவேண்டுமாம். என் கம்பிதான் சரி, உன் கம்பி இறங்கியிருக்கிறது என்று டீச்சரம்மா சொல்ல, வண்டி எஞ்சின் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிறவன் நான், என் காது தப்பாது என்று மெக்கானிக் சொல்ல, பல் டாக்டர் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் வாயைத் திறக்கச் சொல்வார், தொழில் பழக்கம். போனில் ஒரு சாமான் இருக்கிறது, அது சுருதி சொல்லும் என்று மெக்கானிக் எடுத்துக் காட்டினான். "போன் வழி சொல்லி வாசிக்க நான் என்ன டாக்ஸியா ஓட்டுறேன்?" என்று டீச்சரம்மா கேட்டுவிட்டார், அத்தோடு அவன் அதை உள்ளே வைத்துவிட்டான். இப்படிப் பல நாள் சண்டை. டீ போட்டுக் கொடுத்தே நான் ஓய்ந்து போனேன்.

அப்புறம்தான் என் ஃபிரிட்ஜ் வாயைத் திறந்தது. அது கூடத்தில் நிற்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்காரர் குடி மாறும்போது வேண்டாம் என்று விட்டுப்போனதை நான் கொண்டுவந்தேன். ஊரில் எத்தனையோ வாசல் வழியாக எத்தனையோ ஃபிரிட்ஜை நுழைத்தவன், என் வீட்டுச் சமையலறை வாசலில் மட்டும் என்னால் நுழைக்க முடியவில்லை, அதனால் அது கூடத்திலேயே குடியேறிவிட்டது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பெரிய இடத்துப் பிள்ளை, வாயே திறக்காது. என்னுடையது அப்படியில்லை. ஓட ஆரம்பித்தால் ஒரே சீராக ம்ம்ம் என்று இழுக்கும், போதும் என்று தோன்றினால் உடம்பை ஒரு உதறு உதறும், உள்ளே பாட்டிலெல்லாம் கிடுகிடுக்கும், டொக் என்று நிற்கும். அன்றைக்கு இவர்கள் சண்டை உச்சத்தில் இருந்தபோது அது ஓட ஆரம்பித்தது. டீச்சரம்மா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கிவிட்டு, அதையே கேட்டபடி வயலின் முறுக்காணியைத் திருகினார். மெக்கானிக்கும் திருகினான். டாக்டரும் திருகினார். ஃபிரிட்ஜ் யாருக்கும் சொந்தமும் இல்லை பகையும் இல்லை, அதனால் அது சொன்னால் யாருக்கும் ரோஷம் வரவில்லை. அன்றைக்குத்தான் என் வீட்டில் முதல்முதலாகப் பாட்டு என்று ஒன்று கேட்டது மாப்பிள்ளை. சங்கீதம் எனக்குத் தெரியாது. ஆனால் கனமான ஒரு பீரோவை நாலு பேர் தூக்கும்போது ஒரு நொடி வரும், நாலு தோளும் ஒரே உயரத்துக்கு வந்ததும் பாரமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த நொடி மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் அதுவே வழக்கம். அது ஓடத் தொடங்கினால் இவர்கள் தொடங்குவார்கள், அது உதறி நின்றால் இவர்களும் நிறுத்துவார்கள். அது ஓய்ந்திருக்கிற நேரத்தில் டீ, ஊர்க்கதை, அரை இஞ்சைக் கிண்டல் செய்வது. பாட்டை எப்படி முடிப்பது என்று ஒருத்தரும் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இதுதான் பிற்பாடு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

சும்மா கிடந்த எங்களை மேடைக்கு இழுத்தது ஒரு கடைவாய்ப் பல். பொது நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்குப் பல் வலி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, மரத்துப் போகிற வரைக்கும் பொழுது போகவேண்டுமே என்று டாக்டர் மாண்டலினை எடுத்து வாசித்திருக்கிறார். அந்த அம்மா வாய் கோணிய நிலையிலேயே, எங்கள் நூலகத்துக் கூடத்தில் ஒரு சாயங்காலம் வந்து வாசியுங்கள், ஜனங்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டார். டாக்டர் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் யாரும் வாத்தியத்தைத் தொடவில்லை. அப்புறம் மெக்கானிக் முடி வெட்டிக்கொண்டு வந்தான், அரை இஞ்ச் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை தைத்தான், எனக்கும் ஒன்று. நான் எதற்கு என்றேன். "அண்ணே, துணி மிச்சம் இருந்துச்சு" என்றான்.

ஒத்திகைக்கு ஒரு நாள் நூலகத்துக்குப் போனோம். நூலகத்தில் என்ன சத்தம் இருக்கும் சொல்லுங்கள். ஈ பறந்தால்கூட முறைப்பார்கள். சுருதி சேர்க்க உட்கார்ந்ததும் பழைய சண்டை புதுசாக ஆரம்பித்துவிட்டது, எஞ்சின் காது, டாக்ஸி எல்லாம் மறுபடி வந்தது. ஒருவழியாகச் சமாதானமாகி ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். தொடங்கினவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தலாம் என்று டீச்சரம்மா டாக்டரைப் பார்க்கிறார், அவர் மெக்கானிக்கைப் பார்க்கிறார், அவன் பெட்டிக்காரனைப் பார்க்கிறான், பெட்டிக்காரன் ஃபிரிட்ஜ் இருக்கவேண்டிய மூலையைப் பார்க்கிறான், அங்கே அகராதி அடுக்கு இருக்கிறது. காவல்காரர் வந்து விளக்கை அணைத்த பிறகுதான் நின்றது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். போகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று டாக்டர் கேட்டார். டீச்சரம்மா வயலின் பெட்டியின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார். அவர் எத்தனை வருஷமாக ஒரு மேடைக்கு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், எழுதுகிறவர் அவர். அதனால் நான்தான் சொன்னேன், ஃபிரிட்ஜைக் கொண்டுபோய்விடலாம் என்று. இந்த யோசனை என்னுடையது. மகள் மற்றவர்களைத் திட்டவேண்டாம்.

தூக்கினது நான் இல்லை, அதையும் மகளிடம் சொல்லுங்கள். மெக்கானிக்கும் அவன் பட்டறை ஆட்களும் தூக்கினார்கள், நான் பக்கத்தில் நின்று "சாய்க்காதே, நிமிர்த்து, இடது கையைக் கீழே விடு" என்று சொன்னது மட்டும்தான். சாமான் வண்டியில் நின்ற நிலையிலேயே போனது, நானும் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையிலேயே போனேன். இடம் மாறின ஃபிரிட்ஜை உடனே ஓடவிடக்கூடாது என்பதால் காலையிலேயே கொண்டுபோய் மேடையின் ஓரத்தில் நிறுத்திவிட்டோம். நூலகத்து அம்மா பார்த்துவிட்டு இது எதற்கு என்று கேட்டார். பாட்டு வாத்தியம் என்று எந்த வாயால் சொல்வது. டாக்டர் சட்டென்று, "கேக்க வர்றவங்களுக்குக் குளிர்ந்த தண்ணி வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டார். சொன்னதை மெய்யாக்க அரை இஞ்ச் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி உள்ளே அடுக்கினான். பல் டாக்டர் சொன்ன பொய்க்கு எத்தனை பேர் வாய் ஊறப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

சாயங்காலம் ஜனங்கள் வந்தார்கள். டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள், மெக்கானிக்கிடம் வண்டி விட்டவர்கள், டீச்சரிடம் கணக்கில் உதை வாங்கினவர்கள் பெரிய பெரிய மீசையோடு. டீச்சர் வீட்டுக்காரரும் வந்து கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு பேரும் மேடையில் போய் உட்கார்ந்து அசையாமல் இருந்தார்கள். ஃபிரிட்ஜ் ஓடவேண்டுமே. கூட்டம் என்னவோ தியானம் என்று நினைத்து அதுவும் கண்ணை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ம்ம்ம் என்று தொடங்கியது. சுருதி சேர்த்தார்கள், வாசித்தார்கள், உதறல் வந்தது, நாலு பேரும் கத்தரித்த மாதிரி நின்றார்கள். கை தட்டல் மாப்பிள்ளை, அப்படி ஒரு கை தட்டல். டீச்சரம்மா முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை உங்கள் வீடியோவில் ஒருத்தனும் எடுக்கவில்லை.

அங்கேயே எழுந்து வந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதவேண்டியதில்லை. நூலகத்து அம்மா மேடையேறி, கலைஞர்கள் அன்போடு உங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள், தாகமெடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார். அதே நேரம் ஃபிரிட்ஜ் மறுபடி ஓட, இவர்கள் இரண்டாவது பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே நல்ல புழுக்கம். ஒருத்தர் எழுந்து வந்து கதவைத் திறந்து பாட்டில் எடுத்தார், அவரைப் பார்த்து இன்னொருத்தர், அப்புறம் ஒரு வரிசையே நின்றுவிட்டது. கதவைத் திறந்து வைத்தால் ஃபிரிட்ஜ் எப்படிக் குளிரும், குளிராமல் அது எப்படி நிற்கும், அது நிற்காமல் இவர்கள் எப்படி நிற்பார்கள். பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் ஜனங்கள் ரசித்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு இது ஏதோ சாதனைக்காக என்று பேசிக்கொண்டார்கள். ஒரு ஆள் வெளியே போய், வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே வந்து மறுபடி உட்கார்ந்தார், அதே பாட்டு. டாக்டரின் விரல் சிவந்துவிட்டது. அரை இஞ்ச் இப்போது இரண்டு இஞ்ச் பின்னால் போய்விட்டான். மெக்கானிக் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாமே என்பீர்கள். ஓடும்போது பிடுங்கினால் அது மறுபடி கிளம்பாது என்று மெக்கானிக்கே முன்னாடி சொல்லி வைத்திருந்தான், இன்னும் இரண்டு பாட்டு பாக்கி. உள்ளே இருக்கிற குளிர்த் திருகைக் குறைக்கலாமே என்பீர்கள். அது எந்தக் காலத்திலோ உடைந்து போயிற்று.

அதனால்தான் நான் மேடை ஏறினேன். கதவைச் சாத்தினேன். அதன் ரப்பர் தேய்ந்துபோனது, சாத்தினால் போதாது, அமுக்கிப் பிடித்தால்தான் குளிர் வெளியே வராது. வீட்டில் சைக்கிள் டியூபால் கட்டி வைப்பேன், அந்த டியூபை ஒரு தாகக்காரர் எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டார். எனவே இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நெஞ்சைக் கொடுத்து அமுக்கினேன். இதைத்தான் கட்டிப்பிடித்தது என்கிறீர்கள். தடித்த ஆள் ஒருவர் வந்து, "பெரியவரே, தள்ளுங்க, தண்ணி வேணும்" என்றார். தண்ணீர் இல்லை என்றேன். "அந்தம்மா இருக்குன்னு சொன்னாங்களே" என்றார். அந்தம்மா பல் பிடுங்கிக்கொண்டவர், அவர் சொல்வதைக் கேட்காதீர்கள் என்றேன். அவர் தள்ள, நான் இன்னும் இறுக்கிப் பிடிக்க, அதுதான் அந்த வீடியோவில் வருகிற போராட்டம். காதை வைத்தது அது நிற்கப்போகிறதா என்று கேட்க. முகத்தில் வழிந்தது வேர்வை. பிறகு, நான் முணுமுணுத்தது. ஆமாம், பேசினேன். "நில்லுடா ராசா, போதும்டா, டீச்சரம்மா கை வலிக்குது" என்று சொன்னேன். அத்தனை வருஷம் கூட இருந்த சாமான், ஒரு வார்த்தை சொன்னால் கேட்காதா என்று ஒரு நப்பாசை. டாக்டருக்கு வைத்த மைக் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது, கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. அப்புறம் அது நின்றது. நிற்கும்போது என்னையும் சேர்த்து உதறியது. வலிப்பு எனக்கு வரவில்லை மாப்பிள்ளை, வந்தது அதற்கு. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கடைசியில் அந்தப் பெரியவர் நடித்த இடம் மனதை உருக்கிவிட்டது என்று தடித்த ஆளே வந்து என் கையைப் பிடித்துச் சொன்னார், தண்ணீரும் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவுதான் நடந்தது. இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு அறை, வெளிச்சமான ஜன்னல், ஏறி இறங்க லிஃப்ட், வேளைக்குச் சாப்பாடு, எல்லாம் எண்ணிப் பார்த்தேன். பெற்ற மகள் ராத்திரி தூங்காமல் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நீங்கள் சொன்னதைத்தான் அதிகமாக எண்ணிப் பார்த்தேன். இந்த நாலு பேருக்கும் நான் என்ன செய்கிறேன்? எனக்கு ஒரு கம்பியை மீட்டத் தெரியாது, ஒரு பெட்டியைத் தட்டத் தெரியாது. டீ போடுகிறேன், அதையும் டாக்டர் நன்றாகவே போடுவார். இவர்களுக்கு வேண்டியது காலிக் கூடமும் அந்த ஃபிரிட்ஜும்தான். நான் அதைக் காவல் காக்கிற ஆள். (டீச்சரம்மா பேனாவை வைத்துவிட்டார். எடுத்து எழுதுங்கள் அம்மா, உள்ளதைத்தானே சொல்கிறேன்.)

ஆகவே மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நான் வந்துவிடுகிறேன். இந்தத் தடவை மரியாதைக்குச் சொன்ன சரி இல்லை, மனசாரச் சொன்ன சரி. ஒரே ஒரு வேண்டுதல். வீட்டைப் பூட்டவேண்டாம், சாவி டீச்சரம்மாவிடம் இருக்கட்டும். ஃபிரிட்ஜை இரும்புக்கடைக்குப் போடவேண்டாம், அது இங்கேயே ஓடட்டும். கிழட்டுச் சாமான்தான், ஆனால் அதை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள். என்னைக் கொண்டுபோங்கள், அதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு சுமையை இரண்டு முனையிலும் சமமாகப் பிடித்த மாதிரி, படித் திருப்பத்திலும் கை விடாமல், நெடுங்காலம் நிறைவாக வாழவேண்டும் என்று இந்த மாமன் மனம் குளிர வாழ்த்துகிறேன். மகளுக்கு என் அன்பு. பீரோவின் பின்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கைநாட்டு வைத்த மாமனார்

பின்குறிப்பு: கைநாட்டு காயட்டும் என்று கடிதத்தை ஜன்னலோரம் வைத்தோம். மற்ற மூன்று பேரும் வாத்தியத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஃபிரிட்ஜ் ம்ம்ம் என்று தொடங்கியது, நடுவில் ஒரு மாதிரி கரகரத்தது, கரிந்த வாடை வந்தது, உதறாமலே நின்றுவிட்டது. மெக்கானிக் பின்பக்கம் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "போயிருச்சு பெரிசு. மேடை ஏறினது அதுக்கு ஒத்துக்கல" என்றான். இனி இவர்கள் இங்கே எதற்கு வருவார்கள் என்று நினைத்தேன். அரை இஞ்ச்தான், அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். டாக்டர் ம்ம் என்று ஒன்று இழுத்தார், மெக்கானிக் ஒன்று இழுத்தான், இரண்டும் இரண்டு ஊருக்குப் போகிற மாதிரி இருந்தது, பழைய சண்டை தலை தூக்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. "அட, அது இல்லப்பா, இது" என்று சொல்லி, அது எப்படி இழுக்குமோ அப்படியே வாயை மூடி இழுத்துக் காட்டினேன். டீச்சரம்மா வயலினை எடுத்து, என்னைக் கேட்டுக்கொண்டே முறுக்காணியைத் திருகினார். "நிறுத்தாதீங்க ஐயா" என்றார். டாக்டர் திருகினார். மெக்கானிக் திருகினான். பாட்டு ஆரம்பித்துவிட்டது, நடுவில் மூச்சு வாங்கி வாங்கி நான் இழுத்துக்கொண்டே இருக்கிறேன். டீச்சரம்மா கை ஓய்கிற மாதிரித் தெரிந்ததும் ஒரு உதறு உதறி, நாக்கால் டொக் என்று ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினேன். நாலு பேரும் ஒன்றாக நின்றார்கள், அரை இஞ்ச் உள்பட. தண்ணிதான் ஜில்லுனு வராது என்றார் டாக்டர். நூலகத்து அம்மா அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டிருக்கிறார், எனக்கும் மேடையில் ஒரு நாற்காலி போடச் சொல்லப்போகிறார்களாம், அந்த ஒரே நிறச் சட்டை எனக்கும் இருக்கிறது. ஆகவே மேலே சொன்னதை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. மகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், ஒரு பாட்டாவது கேட்டுவிட்டுப் போகட்டும், அவளுக்குத் தூக்கம் வரும். கார் வேண்டாம், பெரிய வண்டியாகக் கொண்டுவாருங்கள். ஃபிரிட்ஜை ஏத்திட்டுப் போங்க. என்னை விட்டுட்டுப் போங்க.